உண்ணிக்கடியும் கணிப்பொறியின் கண்ணும்

(கழகத்தின் வெள்ளி விழாவில், இரண்டாம் நாள் மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

அறிவியலில் புதியதாக ஏதேனும் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தனர். நான் மருத்துவன் அல்லன். கணிப்பொறி வல்லுநனும் அல்லன். முப்பத்தோர் ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். உண்ணிகள் பரப்பும் நோயைப் பற்றியும், அந்நோயை அறியச் செயற்கை நுண்ணறிவு எவ்வாறு பயன்படுகின்றது என்பது பற்றியும் பேசுகின்றேன் என்று சொன்னபோது, நம் பொருளாளர் அவர்கள் சிரித்துவிட்டார்கள். "மாட்டுண்ணிக்கும் கணிப்பொறிக்கும் என்ன ஐயா உறவு?" என்று கேட்டார்கள். உறவு உண்டு. அவ்வுறவில் நம் மக்களுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் இப்போது காலியாகக் கிடக்கின்றது என்பதைச் சொல்லவே வந்திருக்கின்றேன்.

உண்ணியை இவ்வவையில் பலருக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாடு மேய்த்துக்கொண்டே படித்தவர்கள் நாம். பசுவின் காது மடலிலும் வாலின் அடியிலும் கொட்டைமுத்துப் போல உப்பிக் கிடப்பதைப் பிடுங்கி நெருப்பில் இட்ட கைகள் இங்கே பல இருக்கும். ஆயினும் ஒன்றைக் கூற வேண்டும். உண்ணி பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவானது. முட்டையிலிருந்து வெளிவரும்போது அதற்கு ஆறு கால்கள், வளர்ந்தபின் எட்டு. நான் இங்குக் குறிப்பிடப் போகும் உண்ணிகள் தம் வாழ்நாளில் பருவத்திற்கு ஒரு முறையாக மூன்று முறையே குருதி குடிக்கின்றன. ஒரு பருவத்தில் எலியிடமோ பறவையிடமோ குடித்த குருதியோடு நோய்க்கிருமி உள்ளே புகுந்தால், அடுத்த பருவத்தில் அது கடிக்கும் உயிருக்கு அக்கிருமி சென்று சேர்கின்றது. நடுப்பருவத்து உண்ணி கசகசா விதையளவே இருக்கும், கடித்தாலும் வலிக்காது. கடிபட்டவர் அறியாமலே நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி அமெரிக்க ஐக்கிய நாட்டிற்குச் செல்வோம். கனெக்டிகட் மாநிலத்தில் லைம், ஓல்டு லைம், ஈஸ்ட் ஹாடம் என அடுத்தடுத்து மூன்று ஊர்கள். அங்கே 1975ஆம் ஆண்டில் பாலி மர்ரே, ஜூடித் மென்ஷ் என்னும் இரு தாய்மார்கள், தத்தம் பிள்ளைகளுக்கு மூட்டுகள் வீங்கி நடக்க இயலாமற் போனது கண்டு கலங்கினர். மருத்துவர்கள் சிறார் மூட்டுவாதம் என்றனர். அது அரிதாக வரும் நோய். ஆனால் அண்டை வீடுகளிலும் அதே வீக்கம், அதே வலி. பாலி மர்ரே அம்மையார் பல ஆண்டுகளாகவே தம் குடும்பத்தாருக்குக் கண்ட நோய்க்குறிகளைக் குறித்து வைத்தவர். பின்னர் அண்டை அயலாரையும் கேட்டுப் பட்டியலிட்டார். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். அவருடைய பட்டியல் யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. ஆலன் ஸ்டீர் என்னும் இளம் மருத்துவர் அதனைப் புறந்தள்ளாமல் ஊருக்கே வந்து ஆராய்ந்தார். 39 சிறார், 12 பெரியவர், ஆக 51 நோயாளரைப் பற்றிய ஆய்வு 1977இல் வெளியாயிற்று. லைம் நோய் என்று அந்நோய்க்கு ஊரின் பெயரே நிலைத்தது. 1981இல் மொண்டானா மாநிலத்து ஆய்வகம் ஒன்றில் வில்லி பர்க்டார்ஃபர் என்னும் அறிஞர் உண்ணியின் குடலுக்குள் திருகுசுருள் வடிவான கிருமியைக் கண்டார். அடுத்த ஆண்டு அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

இந்த வரலாற்றை நான் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நுண்ணோக்கி பின்னால் வந்தது. முதலில் வந்தது ஒரு தாயின் குறிப்பேடு.

லைம் நோய் தொடக்கத்திலேயே அறியப்பட்டால் எளிய மாத்திரைகளால் குணமாகும். அறியாமல் விட்டால் மூட்டுக்கும் நரம்புக்கும் இதயத்துக்கும் பரவும். 2010 முதல் 2018 வரை அந்நாட்டு அரசுப் பதிவேட்டில் ஆண்டுக்கு 30,000 முதல் 43,000 வரை நோயாளர் பதிவாயினர். அதே காலத்தில் இந்நோய்க்கென மருத்துவம் பெற்றோர் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமே மதிப்பிட்டுள்ளது. செல்வத்தில் முதல்நிலையில் உள்ள நாட்டிலேயே பதிவேட்டுக்கும் உண்மைக்கும் இத்தனை இடைவெளி இருக்குமாயின், பிற நாடுகளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

நோயைத் தொடக்கத்தில் காட்டிக்கொடுப்பது தோலில் தோன்றும் ஒரு செந்தடிப்பு. கடிவாயைச் சுற்றி நாள்தோறும் விரிந்துகொண்டே போகும். சிலருக்கு நடுவில் வெளிறி வளையம் போலத் தோன்றும். பலருக்கு வளையமின்றி முழுச் சிவப்பாகவே இருக்கும். நோயுற்றோர் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இத்தடிப்பு உண்டாகின்றது. தொடக்க நாட்களில் குருதிச் சோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஆகவே தோலைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதே மருத்துவரின் வழி. கண்ணால் பார்க்கும் வேலை என்றதும் கணிப்பொறி வல்லுநர்கள் முன்வந்தனர்.

கணிப்பொறி எவ்வாறு பார்க்கக் கற்கின்றது? நம் வீட்டுச் சிறுமி ஒருத்தி தாயோடு வயலுக்குக் கீரை பறிக்கப் போகின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையின் இலக்கணத்தைத் தாய் சொல்லிக் கொடுப்பதில்லை. "இது பண்ணைக்கீரை, இது குப்பைக்கீரை, இது வெறுங்களை" என்று காட்டிக்கொண்டே போகின்றாள். நூறு முறை பார்த்தபின் சிறுமிக்குத் தானே தெரிந்துவிடுகின்றது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இன்றைய செயற்கை நுண்ணறிவு பெரும்பாலும் இம்முறையில்தான் கற்கின்றது. ஆயிரக்கணக்கான படங்களை அதன்முன் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டிக் காட்டுகின்றனர். அது தவறும்போதெல்லாம் தன்னுள் இருக்கும் எண்களைச் சற்றே திருத்திக்கொள்கின்றது. இலட்சக்கணக்கான திருத்தங்களுக்குப்பின் பார்வை கூர்மையடைகின்றது. அந்தச் சிறுமியை வேறு மாவட்டத்து மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டால் என்னாகும்? அவள் காணாத கீரையைக் களை என்று எறிந்துவிடுவாள். அறிவுக் குறைவன்று அது. அவளுக்குக் காட்டப்படாத குறை. இந்த உவமையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

இவ்வகையில் நிகழ்ந்த முயற்சிகளுள் இரண்டினைச் சொல்கின்றேன். முதலாவது, உண்ணியையே அடையாளம் காண்பது. எல்லா உண்ணியும் எல்லா நோயையும் பரப்புவதில்லை. ஆதலால் கடித்தது எந்த இனம் என்பது முக்கியம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் குழு ஒன்று, பொதுமக்கள் கைப்பேசியில் எடுத்து அனுப்பியவை உள்ளிட்ட பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட உண்ணிப் படங்களைக் கொண்டு ஒரு நிரலைப் பழக்கி, 2021இல் முடிவுகளை வெளியிட்டது. பொதுமக்கள் எடுத்த படங்களில் அது 87.8 விழுக்காடு சரியாகச் சொல்லிற்று. பொதுமக்களையும் மருத்துவப் பணியாளரையும் விட அது மேல்; உண்ணியியல் கற்ற வல்லுநருக்கு அது கீழ். உண்ணி படத்தில் சிறிதாகத் தெரியத் தெரியத் தவறும் மிகுந்தது. ஆய்வாளர்களே இவற்றை ஒளிக்காமல் கூறியிருப்பது பாராட்டத்தக்கது.

இரண்டாவது, தோலின் செந்தடிப்பை அறிதல். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இணையத்தில் கிடைத்த படங்களைத் திரட்டி, லைம் நோய்த் தடிப்பை அக்கி, படர்தாமரை முதலியவற்றினின்று பிரித்தறியக் கணிப்பொறியைப் பழக்கினர். 2019இலும் அதன் பின்னரும் வெளியான அவ்வாய்வுகள் ஊக்கமளிப்பனவே. பிரான்சு நாட்டிலும் இத்தகைய ஆய்வு நடந்துள்ளது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் படங்கள் யாருடைய உடலை எடுத்த படங்கள்?

தம்பிகளே, இதுவே என் உரையின் நடுப்பகுதி. சற்றுக் கூர்ந்து கேளுங்கள். வெண்தோலின்மேல் செந்தடிப்பு பளிச்சென்று தெரியும். கருந்தோலின்மேல் அது சிவப்பாகவே தோன்றுவதில்லை. காயம் கன்றியது போலவும், சற்றே கருமை கூடியது போலவும் இருக்கும். பாடநூல்களில் பல தலைமுறைகளாக அச்சானவை பெரும்பாலும் வெண்தோலின் படங்களே. விளைவு என்ன? மேரிலாந்து மாநிலத்து நோய்ப் பதிவுகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை, கறுப்பின மக்களிடம் இந்நோய் தோல் தடிப்பாக அறியப்படுவது குறைவு, மூட்டு வீக்கமாக முற்றியபின் அறியப்படுவது மிகுதி என்று காட்டிற்று. முதியோர் காப்பீட்டுப் பதிவுகளைக் கொண்டு 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் அறியப்பட்டபோதே நரம்புக் கோளாறுவரை சென்றிருந்தோர் கறுப்பினத்தவருள் 34 விழுக்காடு; வெள்ளையருள் 9 விழுக்காடு. உண்ணி நிறம் பார்த்துக் கடிப்பதில்லை. பார்த்தவர் கண்தான் ஒரு நிறத்தில் மட்டுமே பழகியிருந்தது.

அந்தக் கண்ணின் பழக்கமே எந்திரத்துக்கும் பாடமாகிவிடுகின்றது. தோல்நோய்ப் படத் தொகுதிகளுள் பெயர்பெற்ற ஒன்று 2021இல் வெளியானது. அதில் 16,577 படங்கள். தோல் நிறத்தை ஆறு படிகளாகப் பகுக்கும் முறைப்படி அவற்றை எண்ணினர். மிக வெளிறிய இரு படிகளில் 7,755 படங்கள். மிகக் கருத்த இரு படிகளில் 2,168 மட்டுமே. அடுத்த ஆண்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் எல்லா நிறங்களையும் சமன் செய்து 656 படங்கள் கொண்ட சிறு தொகுதி ஒன்றை உருவாக்கி, அப்போது புகழ்பெற்றிருந்த நிரல்களைச் சோதித்தனர். கருந்தோலில் அவை சறுக்கின. படங்களுக்குப் பெயர் எழுதும் தோல் மருத்துவர்களும் கருந்தோலில் கூடுதலாகத் தவறினர் என்பதையும் அவ்வாய்வு வெளிப்படுத்திற்று. ஆசான் தவறாகச் சொல்லிக்கொடுத்தால் மாணாக்கன் எங்ஙனம் தேறுவான்? ஆனால் அதே ஆய்வில் ஒரு நற்செய்தியும் உண்டு. சமன் செய்த படங்களைக் கொண்டு மறுமுறை பழக்கியபோது நிறவேறுபாட்டால் வந்த அந்தச் சறுக்கல் நீங்கிற்று. குறை எந்திரத்தின் இயல்பில் இல்லை. காட்டப்பட்ட படங்களில் இருந்தது.

"எந்திரத்துக்குச் சாதி இல்லை, இனம் இல்லை, ஆகவே அது நடுநிலையானது" என்று சொல்வோர் உளர். நம் இளைஞர்களிலும் சிலர் அவ்வாறு நம்புவதைக் கேட்டிருக்கின்றேன். அவர்கள் ஜாய் புவோலம்வினி என்னும் கறுப்பின ஆய்வு மாணவியின் கதையை அறிய வேண்டும். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றபோது, முகத்தைக் கண்டறியும் நிரல் தம் முகத்தைக் காணவே மறுப்பதையும், வெள்ளை முகமூடி ஒன்றை அணிந்துகொண்டதும் உடனே கண்டுகொள்வதையும் அவர் பார்த்தார். மனம் புழுங்கி விட்டுவிடவில்லை, அளந்தார். 2018இல் டிம்னிட் கெப்ரு என்பாருடன் அவர் வெளியிட்ட ஆய்வில், ஆணா பெண்ணா என்று முகத்தைக் கொண்டு சொல்லும் வணிக நிரல்கள், வெண்ணிற ஆண்களிடம் செய்த தவறு மிகுதியாக 0.8 விழுக்காடு; கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை. அளந்து எண்ணாகக் காட்டியபின், நிறுவனங்கள் மறுக்க வழியில்லாமல் தம் நிரல்களைத் திருத்தத் தொடங்கின.

தொடாமல் நோயறிதல் என்றதும் என் நினைவுக்கு வருவது ஒன்று. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளாகிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் நூலில், கத்தியவாடு ஊர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருந்த தீண்டப்படாதார் ஒருவர் 1929ஆம் ஆண்டில் இதழுக்கு எழுதிய கடிதத்தை எடுத்தாண்டுள்ளார். பிள்ளை பெற்ற மனைவிக்கு நோய் கண்டது. மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். பெரிய மனிதர்களின் பரிந்துரையின் பேரில், நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒப்பினார். வெப்பமானியை ஒரு முஸ்லிம் அன்பரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார். கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் அது திரும்பிச் சென்றது. விளக்கொளியில் வெப்பமானியைப் பார்த்து, நுரையீரல் அழற்சி என்று சொல்லி மருத்துவர் போய்விட்டார். அந்த இளந்தாய் இறந்துபோனாள். அக்கருவி பிழையற்றது, அது காட்டிய எண்ணும் சரியானதாகவே இருந்திருக்கக்கூடும்.

இதனைச் சொன்னபின் என் வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், களையெடுக்கும் வேலைக்குப் போய்வந்த என் தமக்கையாருக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள். மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம், டைபாய்டு என்று மருந்து கொடுத்தனர், காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. பத்தாம் நாள் இரவுப்பணிக்கு வந்த இளஞ்செவிலியர் ஒருவர் திரையை இழுத்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் திரும்புங்க" என்று சொல்லி, சேலைக்கட்டை நெகிழ்த்தி, இடுப்பு மடிப்பில் விரலால் தடவிப் பார்த்தார். அங்கே ஒரு சிறு கரும்பொருக்கு. பீடி நெருப்புச் சுட்டது போல. எங்கள் மேனி நிறத்தில் அது எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. உடனே மருத்துவரை அழைத்தார். ஸ்க்ரப் டைபஸ் என்று முடிவாயிற்று. நம் மாநிலத்தில் உண்ணிக் காய்ச்சல் என்று வழங்குகின்றோமே, அதுதான். அதனைப் பரப்புவது நான் இதுவரை சொன்ன பெரிய உண்ணி அன்று; அதற்கு உறவான, புதர்களில் வாழும் கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிரின் குஞ்சு. மருந்து மாற்றிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. அம்மருந்து விலை மலிவானது, எங்கும் கிடைப்பது. ஒன்பது நாளும் குறைவாக இருந்தது மருந்தன்று.

அச்செவிலியரின் பெயரைக்கூட அன்று கேட்டுவைக்கத் தோன்றவில்லை. இன்றளவும் அது எனக்கு வருத்தமே.

இனி, தோலின் படத்தை விட்டு நிலத்தின் படத்திற்கு வருவோம். நம் அண்டை மாநிலமாகிய கர்நாடகத்தில், சிவமொக்கா மாவட்டத்துச் சொரப வட்டத்தில் கியாசனூர் என்னும் காடு. 1957இல் அங்கே மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் செத்து விழுந்தன. காட்டுக்குள் சென்றுவந்த மக்களுக்குக் கடுங்காய்ச்சல். சிலருக்குக் குருதிக் கசிவு. குரங்கின் சாவையும் மனிதனின் காய்ச்சலையும் முதலில் இணைத்துப் பார்த்தவர்கள் ஊர்மக்களே. 'மங்கன காயிலெ', அதாவது குரங்கு நோய், என்று பெயரிட்டனர். புனே நகரிலிருந்து வந்த வைரஸ் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் மஞ்சட்காய்ச்சலோ என முதலில் ஐயுற்றனர். பின்னர், உண்ணிகள் பரப்பும் புதிய வைரஸ் என்று கண்டனர். நூறு பேருக்குக் கண்டால் மூன்று முதல் ஐந்து பேர்வரை மாய்கின்றனர்.

யாருக்கு இந்நோய் வருகின்றது? காட்டோரத்தில் விறகும் சருகும் பொறுக்குவோர்க்கு, மாடு மேய்ப்போர்க்கு, தோட்டக் கூலிகளுக்கு. 1982-83இல் தென் கன்னட மாவட்டத்துப் பெல்தங்கடி வட்டத்தில் காட்டை வெட்டி முந்திரி நட்ட இடத்தில் இந்நோய் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கிற்று. 2012-13இல் பந்திப்பூர்க் காட்டில் இறந்த குரங்குகளை எடுத்து எரித்த பணியாளர்களுக்குக் கண்டது; அதே காலத்தில் நம் நீலகிரியிலும் வயநாட்டிலும் இறந்த குரங்குகளில் அவ்வைரஸ் காணப்பட்டது. 2015இல் வயநாட்டில் நூறு பேருக்குமேல் நோயுற்றனர். அவர்களில் பழங்குடியினர் பலர். 1990 முதல் போடப்பட்டு வந்த தடுப்பூசி போதிய காப்பளிக்கவில்லை என்று 2022 வாக்கில் நிறுத்தப்பட்டது. ஆகவே அடுத்து எங்கே நோய் வரும் என்று முன்கூட்டி அறிவதே இன்று பெருந்தேவை.

அதற்கும் கணிப்பொறி வந்துள்ளது. 2020இல் வெளியான ஆய்வொன்றில் இந்திய, ஆங்கிலேய ஆய்வாளர்கள், சுகாதாரம், கால்நடை, வனம் ஆகிய துறையினரோடு அமர்ந்து பேசியே எவற்றைக் கணக்கில் சேர்ப்பது என்று முடிவு செய்தனர். ஈரப்பதமிக்க பசுமைமாறாக் காடும் தோட்டப்பயிரும் மிகுந்த இடம், நாட்டு மாடு மிகுந்த இடம் ஆகியவற்றில் இடர் கூடுதல் என்று நிலப்படம் வரைந்தனர். 2023இல் வந்த மற்றோர் ஆய்வு, செய்தித்தாள் செய்திகளையும் இணையத் தேடல்களையும் வானிலை முதலியவற்றோடு சேர்த்துக் கற்கும் எந்திரத்துக்கு ஊட்டி, நோயின் வருகையை முன்னறிய முயன்றது. அரசுப் பதிவுகள் குறைவாக உள்ள இடத்தில் இது கூரிய சிந்தனை என்பதில் ஐயமில்லை.

எனினும் எனக்கு ஓர் அச்சம் உண்டு. செய்தியாளர் நுழையாத ஊர் எது என்று நமக்குத் தெரியும். காய்ச்சலுற்றோர் பதிவாகாத குடியிருப்பு எது என்றும் தெரியும். கூலி வேலைக்காக மாவட்டம் விட்டு மாவட்டம் வந்து, காய்ச்சலோடு சொந்த ஊர் திரும்பிச் செத்தவன் எந்த ஊர்க்கணக்கில் சேர்வான்? செய்தி வராத ஊரை நோயற்ற ஊர் என்றே எந்திரம் எண்ணிக்கொள்ளும். உண்ணி விரட்டும் எண்ணெயும் மருத்துவக் குழுவும் நிலப்படம் சிவப்பாகக் காட்டும் இடத்துக்கே முதலில் போகும். ஆய்வாளர்கள் மீது நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு கணக்கிடுகின்றனர். கிடைக்காமற் போனவர்களில் நாம் இருக்கின்றோம்.

கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகள் செவிலியராகவும் ஆய்வக நுட்பராகவும் கணிப்பொறிப் பொறியாளராகவும் வெளியேறியிருக்கின்றனர். படங்களுக்குப் பெயர் எழுதும் வேலை இன்று ஒரு தொழிலாகவே நம் நாட்டில் நடக்கின்றது. நம் ஊர்ப் பெண்கள் சிலர்கூட அவ்வேலைக்குப் போகின்றனர். தாம் தொட்டு ஒட்டும் பெயர் எங்கே சென்று யாருடைய நோயை முடிவு செய்கின்றது என்று அவர்கள் கேட்கத் தொடங்க வேண்டும். பொறியாளர் தம்பிகள் ஒரு நிரலைக் கண்டவுடன், எத்தனை விழுக்காடு சரி என்பதோடு நில்லாமல், யாரிடம் சரி, யாரிடம் தவறு என்று பிரித்துக் கேட்க வேண்டும். சராசரி என்பது நம்மை மறைக்க வல்லது.

இடையே ஒரு சிறு குறிப்பு, நடைமுறைக்கு உதவும். உண்ணி ஒட்டிக்கொண்டால் நாம் செய்து பழகியது போல மண்ணெண்ணெய் ஊற்றுதலும் கங்கால் சுடுதலும் கூடாது. நுனி கூரிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேரே இழுத்தெடுக்க வேண்டும். கடிவாயைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். எடுத்த உண்ணியை வெறுங்கையால் நசுக்கக் கூடாது. பின்வரும் நாட்களில் காய்ச்சலோ தடிப்போ கண்டால், மருத்துவரிடம் உண்ணி கடித்ததையும் காட்டுக்கோ புதருக்கோ சென்றதையும் நாமாகச் சொல்ல வேண்டும். கேட்கட்டும் என்று காத்திருக்கலாகாது. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களை நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கருந்தோலில் கண்ணைவிட விரல் முந்தி அறியும்.

இறுதியாக ஓர் அறிவிப்பு. நம் கழகப் படிப்பகத்தின் நடு மேசையில் இன்று காலை ஒரு நீளப் பதிவேட்டை வைத்திருக்கின்றோம். பாலி மர்ரே அம்மையாரின் குறிப்பேட்டை மனத்திற்கொண்டு, ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவரின் துணையோடு கோடு போட்டது. காய்ச்சல் கண்ட நாள், எத்தனை நாள் நீடித்தது, என்ன வேலைக்குப் போனவர், காடு, கரும்புத் தோட்டம், புதர் ஆகியவற்றில் எது, உடலில் பொருக்கோ தடிப்போ உண்டா, எந்த இடத்தில், என்ன மருந்தால் குறைந்தது என்று கட்டங்கள் உள்ளன. பெயர் எழுதும் கட்டம் இல்லை, வேண்டுமென்றே விட்டோம். மேல்நிலை வகுப்பு மாணவியர் ஐவர் ஞாயிறுதோறும் தெருவுக்கு ஒருவராகச் சென்று கேட்டு எழுத ஒப்பியிருக்கின்றனர். வட்டார மருத்துவ அலுவலருக்கு மாதம் ஒரு படி கொண்டுபோய்க் கொடுப்பதாக முடிவு. மேலத்தெருவுக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. விருப்பமுள்ளவர் உணவு இடைவேளையில் என்னை வந்து பார்க்கவும்.